ஆடும் பல்லைப் பற்றிய பாட்டுக்கு ஏன் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை?

பொடிநடை:

வணக்கம். 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 12 வேடிக்கைப் பாட்டுகளோடு ஒரு படப்புத்தகம் தயாராகிறது. மொத்தம் 24 பக்கம். இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் படம். பல் ஆடுவது, எண்ணெய்க் குளியல், டாக்டர் ஊசி, தொலைந்த ரப்பர், தாத்தாவின் மூக்குக்கண்ணாடி என்று எல்லாமே அன்றாட விஷயங்கள்தான். பல் பாட்டின் இப்போதைய வடிவம் இது:

எனது முன்பல் ஆடுகின்றது
எனக்குப் பயமாய் இருக்கின்றது
அம்மா பார்த்துச் சிரிக்கின்றாள்
அப்பா வந்து பார்க்கின்றார்
பல்லும் கீழே விழுந்து விட்டது
பயமும் விட்டுப் போய்விட்டது
பற்களைத் தினமும் துலக்கிடுவோம்
பளிச்சென்று நாமும் சிரித்திடுவோம்

இதைப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் சமர்த்தாகக் கேட்டுக்கொள்கிறார்கள், சிரிப்பு மட்டும் வரவில்லை. ஐந்தாவது அடியில் வாசிப்பவருக்கே தடுக்குகிறது. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா, எத்தனை அடி இருக்கலாம், கடைசியில் நல்ல பழக்கம் ஒன்றைச் சொல்வது சரியா என்பதையும் சொல்லுங்கள்.


சந்தக்கோல்:

ஐந்தாவது அடி தடுக்குவதற்குக் காரணம் எளியது. முதல் நான்கு அடியிலும் மும்மூன்று சொல். ஐந்தாவதில் திடீரென்று நாலு. கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சொல்லை எண்ணினால் மட்டும் போதாது, மாத்திரையையும் (எழுத்தை ஒலிக்க ஆகும் நேர அளவு) எண்ண வேண்டும். சந்தப் பாட்டுக்கான கணக்கு: குறில் 1, நெடில் 2, பின்னால் ஒற்று (புள்ளி வைத்த எழுத்து) வந்து அடைத்த குறில் 2. நெடிலுக்குப் பின் ஒற்று வந்தாலும் 2தான். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் 'ஐ' பெரும்பாலும் 1. (ஒற்றுக்கு அரை மாத்திரை என்பது இலக்கணப் புத்தகக் கணக்கு, பாடும்போது அது உதவாது.) இந்தக் கணக்கில் 'ஆடுகின்றது' 7 மாத்திரை, 'பார்க்கின்றார்' 6, 'இருக்கின்றது' மறுபடி 7. முதல் அடி 14, இரண்டாவது 16, நான்காவது 13. பெரியவர்கள் வாசிக்கும்போது இழுத்தும் சுருக்கியும் சமாளித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு மிக வசதியானது நாலு மாத்திரைத் தட்டு. ஓர் அடிக்கு நாலு தட்டு, அல்லது மூன்று தட்டும் ஒரு நிறுத்தமும். ஒரு மாதிரி:

ஆடுது ஆடுது முன்பல்லு – அதை
ஆட்டிப் பார்க்குது என்நாக்கு
நூலை எடுத்து வந்தாள் அக்கா
நூறடி தூரத்தில் நான்!

ஆடுது 4, ஆடுது 4, முன்பல்லு 5, அதை 3 (இங்கே 'ஐ'யை இழுத்து 2 ஆக்கிக்கொள்கிறோம்). கூட்டினால் 16, அதாவது நாலு தட்டு. அடுத்த அடி 13; மிச்சம் மூன்று மூச்சு வாங்க. 'நூறடி தூரத்தில் நான்' என்பதில் தட்டு நூறடி | தூரத் | தில்நான் என்று விழும், சரியாக 4, 4, 4.

அந்த 'நூறடி'யைக் கவனியுங்கள். 'நூறு அடி' என்று பிரித்து எழுதினால் 5 மாத்திரை ஆகி அடி இடறும். குற்றியலுகரத்துக்கு ('நூறு' போன்ற சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்) பின்னால் உயிரெழுத்து வந்தால் உகரம் விழுந்துவிடும். தாளில் பிரித்து எழுதிவிட்டு, வாயால் சேர்த்துச் சொல்லிக்கொண்டு, எழுதியவருக்கு மட்டும் சரியாக ஓடும் பாட்டுகள் ஏராளம். எண்ணும்போது சேர்த்தே எண்ணுங்கள்.


குறுவட்டு:

சந்தம் சரியானால் பாட்டு ஓடும், ஆனால் அதற்காக யாரும் சிரிக்க மாட்டார்கள். உங்கள் பாட்டில் சிரிப்பதற்கென்று ஓர் இடமே இல்லையே? பல் ஆடுகிறது, பயம் வருகிறது, பல் விழுகிறது, பயம் போகிறது. நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளை எதிர்பார்த்ததுதான் எட்டு அடியிலும் நடக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், எட்டு அடியும் வினைமுற்றில் முடிகின்றன. தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வரும். அடிகளின் கடைசி ஓசை ஒத்துவரும் இயைபு வேண்டும் என்று தேடினால் கின்றது–கின்றது, றாள்–றார், டுவோம்–டுவோம் என்று கையில் முதலில் அகப்படுவது விகுதிதான். காசு கொடுக்காமல் கிடைக்கிற இயைபு அது. காதுக்கும் அதனால் ஒரு சுகமும் இல்லை. மேலும், அடியின் கடைசிச் சொல்தான் சிரிப்பு வெடிக்க வேண்டிய இடம். அங்கே போய் 'கின்றது' உட்கார்ந்திருந்தால் வேடிக்கை நடுவிலேயே அவிழ்ந்து, மீதி இரண்டு நொடி வெறும் விகுதியாக ஓடிவிடும்.

அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டை எடுத்துப் பாருங்கள். அடிக்கு அடி தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று பெரும்பாலும் பெயர்ச்சொல்லோ எண்ணோதான் கடைசியில் நிற்கிறது. 'கிட்டு எடுத்தான்' என்று இயல்பாக வர வேண்டியதை 'எடுத்தான்' முன்னே, 'கிட்டு' கடைசியில் என்று புரட்டிப் போட்டிருக்கிறார். பாட்டின் கடைசிச் சொல்லும் காலியான தட்டுத்தான். லட்டு தீர்ந்துபோனது என்று ஒரு வினையில் அவர் முடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளில் முடித்தார்.

சந்தக்கோல் எழுதிய 'நூறடி தூரத்தில் நான்!' இதே வித்தைதான். 'நான் நூறடி தூரம் ஓடினேன்' என்றால் அது செய்தி. ஓடினேன் என்ற வினையே இல்லாமல், ஓடி முடித்த ஆளைக் கடைசிச் சொல்லில் காட்டினால் சிரிப்பு வரும்.

அதே சந்தத்தில் இரண்டாம் பகுதி இப்படி வரலாம்:

இட்லியை நாலாய்ப் பிட்டுத் தின்றேன்
எங்கே போனது முன்பல்லு?
தட்டில் இல்லை தரையில் இல்லை
வயிற்றைக் கடிக்குது பல்லு!

வயிறு கடிப்பது எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். இங்கே கடிப்பது நிஜப் பல். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பேச்சை அப்படியே உண்மையாக்கிவிடுவது, இந்த வயதுக்கு மிக நன்றாக வேலை செய்யும் வேடிக்கை. இட்லி–தட்டில் எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்துவருவது), இட்லி–எங்கே மோனை (முதலெழுத்து ஒத்துவருவது; இ, ஈ, எ, ஏ நான்கும் ஒரே மோனைக் குடும்பம்), தட்டில்–தரையில் மோனை. எதுகையும் மோனையும் அடியின் முன்புறத்தைக் கட்டிவிட்டால், கடைசியில் இயைபு தேடி வலிய விகுதியை இழுத்துவர வேண்டிய தேவை இராது.


சந்தக்கோல்:

ஒரு சின்னத் திருத்தம். கடைசி அடியில் 'வயிற்றை' குறிலில் தொடங்குவதால் 'வ' மேல் தட்டுப் போட்டால் நொண்டும். 'வ'வைத் தட்டுக்கு முன்பே, முந்தின அடியின் நிறுத்தத்தில் சொல்லிவிட்டு, 'யிற்' மேல் தட்ட வேண்டும். முதல் அடியின் 'அதை' போலத்தான், தட்டுக்கு முந்திவரும் எடுப்பு. ஆசிரியருக்கான குறிப்பாக இதை ஒரு வரி போட்டுவிடுங்கள்.


ஆலங்கட்டி:

இரண்டு பேரும் பாட்டைப் பார்த்தார்கள், கேட்கிற பிள்ளையின் வயதைப் பார்க்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடாது. பால்பல் 20ம் அப்போது உறுதியாக வாயில் இருக்கும். கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்குவது பெரும்பாலும் 6 வயதை ஒட்டி. எல்.கே.ஜி. பிள்ளை பல் பாட்டைச் சமர்த்தாகக் கேட்பதில் வியப்பில்லை. அதற்கு அது அன்றாட அனுபவமே இல்லை, அண்ணனுக்கு நடக்கிற ஏதோ சங்கதி.

4–5 வயதுக்கு: செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவது, பனியனுக்குள் தலை சிக்கிக்கொள்வது, பொத்தானை ஓட்டை தவறிப் போடுவது, கண்ணில் சீயக்காய், விக்கல். 6–7 வயதுக்கு: பல், தொலைந்த ரப்பர், வீட்டுப்பாடம், விருந்தாளி வந்தால் 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு' என்று அம்மா மாட்டிவிடுவது. கடைசியாகச் சொன்னது இன்னும் சரியாக எழுதப்படாத அருமையான விஷயம். உங்கள் பட்டியலில் சேருங்கள்.

'வயிற்றைக் கடிக்குது பல்லு' ஏழு வயதுக்குச் சிரிப்பு. ஐந்து வயதுக்குப் பயமாக இருக்கலாம், நிஜமாகவே வயிற்றுக்குள் பல் கடிக்கும் என்று நம்பிவிடும். (விழுங்கிய பால்பல் சாதாரணமாக ஒரு தொந்தரவும் தராமல் வெளியே போய்விடும்; இந்தத் தகவல் புத்தகத்தில் பெற்றோருக்கான பக்கத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.) இந்தப் பாட்டைப் புத்தகத்தின் பின்பாதியில் வையுங்கள்.

கடைசி இரண்டு அடி நீதியை வெட்டுங்கள். அலுப்பூட்டுகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, தவறான பொருளும் தருகிறது. பால்பல் விழுவது அடியில் நிரந்தரப் பல் வளர்ந்து வந்து, பால்பல்லின் வேர் கரைவதால். 'பல் விழுந்தது, ஆகவே தினமும் துலக்குவோம்' என்று அடுத்தடுத்து வைத்தால், துலக்காததால்தான் விழுந்தது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். துலக்குவதற்குத் தனிப் பாட்டு எழுதிக்கொள்ளலாம், பேஸ்ட்டை அளவுக்கு மேல் பிதுக்கியது பற்றி.

நீளம்: யு.கே.ஜி. வரை நாலு அடி, ஒன்று இரண்டாம் வகுப்புக்கு எட்டு. பன்னிரண்டைத் தாண்டினால் அது கதைப்பாட்டு, வேறு சங்கதி.


பொடிநடை:

மிக்க நன்றி. நீதியை வெட்டியாயிற்று. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதை யாரும் தொடவில்லையே? 'ஆடுது', 'பல்லு' என்றெல்லாம் அச்சில் போட்டால் பள்ளிகளில் ஏற்க மாட்டார்கள் என்று சொல்கிறார்கள்.


குறுவட்டு:

'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' என்று கவிமணியே எழுதியிருக்கிறார், அந்தப் பாட்டு தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் பாடப்படுகிறது. 'ஆடுது'வுக்கு அந்த வழக்கறிஞர் போதும்.

எல்லை எங்கே என்று கேட்டால்: ஆடுது, போச்சு, ஆச்சு, காணோம் போன்றவை எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்பவை, எந்த வட்டாரத்துப் பிள்ளைக்கும் புரியும். 'வவுத்த', 'அடிச்சுப்புட்டான்' என்று போனால் ஒரு வட்டாரத்துக்குள் மாட்டிக்கொள்ளும், எழுத்துக் கூட்டவும் கடினம். மறுபுறம் 'ஆடுகின்றது', 'துலக்கிடுவோம்' என்பவற்றை எந்தப் பிள்ளையும் வாயால் சொல்வதில்லை. 'இடு' சேர்த்துச் 'சிரித்திடுவோம்' என்று எழுதுவது மாத்திரைக்கு அடைத்த பஞ்சு.


ஆலங்கட்டி:

பொதுவாகச் சரி, ஆனால் எந்த வட்டாரத்துக்கும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் 'போச்சு' 'போச்சுது' ஆகும், ரப்பர் 'அழிறப்பர்' ஆகும். புத்தகம் அங்கேயும் போகிறது என்றால் ரப்பர் பாட்டின் சிரிப்பு அந்தச் சொல்லின் ஓசையில் தொங்கக் கூடாது. பொருளில் இருந்தால் சொல்லை மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொன்று, 'ழ'. நாலு வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது நாக்கில் ஏறியிருக்காது. சிரிப்பு வரவேண்டிய கடைசிச் சொல்லில் 'ழ' வேண்டாம். நாக்குப் புரட்டுவதே வேடிக்கை என்று வேண்டுமென்றே வைத்தால் அது வேறு.


ஈர்க்குச்சி:

தமிழ்ப் பேச்சில் தாராளமாகப் புழங்கும் ஒரு சரக்கை இங்கே எல்லோரும் மறந்துவிட்டீர்கள்: எதிரொலிச் சொல். பல்லு கில்லு, பாட்டு கீட்டு. விதி எளிது. முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ', மிச்சம் அப்படியே. அஞ்சு வயதுப் பிள்ளைகள் இதை யாரும் கற்றுக்கொடுக்காமலே சரியாகச் செய்வார்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் உருட்டிவிடுவார்கள். 'கிளி'யையும் 'கீரை'யையும் கொடுத்தால் மட்டும் விதி கவிழும். அதுவே தனி விளையாட்டு.

இதை வெறும் ஓசைக்காகப் போட்டால் வீணாகிவிடும். எதிரொலிச் சொல்லில் ஓர் அலட்சியம் இருக்கிறது. 'ஊசி கீசி' என்றால் ஊசியும் அந்த மாதிரி எல்லாமும் எனக்கு வேண்டாம் என்று பொருள். அந்த அலட்சியத்தைத்தான் பாட்டு பயன்படுத்த வேண்டும்:

மாத்திரை கீத்திரை வேண்டாம் வேண்டாம்
ஊசி கீசி வேண்டவே வேண்டாம்
காய்ச்சல் கீய்ச்சல் ஓடிப் போச்சு
டாக்டர், டாக்டர், மிட்டாய் எங்கே?

முதல் மூன்று அடியிலும் வழக்கம் பழகிவிடும். நாலாவதில் 'டாக்டர் கீக்டர்' என்று வகுப்பே கத்தத் தயாராக இருக்கும்போது பாட்டு மரியாதையாக இரண்டு முறை டாக்டரைக் கூப்பிடுகிறது. காரியம் ஆகவேண்டி இருக்கிறதல்லவா. மிட்டாய்க்கும் 'கிட்டாய்' கிடையாது, அது வேண்டிய பொருள். பழக்கி வைத்த ஒன்றைச் சரியான இடத்தில் உடைப்பதுதான் இங்கே சிரிப்பு. உடைப்பதற்கு முன் இரண்டு தரமாவது பழக்க வேண்டும். ஒரே தரம் சொல்லி உடைத்தால் எது வழக்கம் என்றே பிள்ளைக்குத் தெரியாது. ஐந்தாறு தரம் பழக்கினால் அதுவே பாட்டாகிவிடும், உடைக்கிற இடம் எடுபடாது.

தாத்தா கண்ணாடிப் பாட்டுக்கு வேறு வழி. விடையைச் சொல்லாதீர்கள்:

கட்டில் கீழே காணோம் காணோம்
கண்ணாடிக்குக் காலுண்டோ?
பெட்டிக்குள்ளே காணோம் காணோம்
பேத்தி மட்டும் சிரிப்பதேன்?

கண்ணாடி தாத்தாவின் நெற்றிமேல் இருப்பது பாட்டில் எங்கும் இல்லை, படத்தில் மட்டும். பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்பதைவிடப் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. 'நெத்தியில! நெத்தியில!' என்று அவர்களே பாட்டை முடிப்பார்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதிலும் கொஞ்சம் கவனம். குண்டு, கறுப்பு, திக்குவாய், மார்க்குக் குறைவு, இவையெல்லாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளைமேல் போய் ஒட்டிக்கொள்ளும், பாட்டே பட்டப்பெயராகிவிடும். தாத்தா, டாக்டர், இட்லி, மழை, பாட்டைச் சொல்லும் 'நான்', இவர்கள் எவ்வளவு கேலியையும் தாங்குவார்கள்.


சந்தக்கோல்:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. எண்ணுவதற்காகச் சீர் பிரித்துக்கொள்ளலாம், அச்சில் பிரிக்காதீர்கள். 'கண்ணா டிக்குக் காலுண் டோ' என்று மரபுக் கவிதை பாணியில் அச்சிட்டால், எழுத்துக் கூட்டும் பிள்ளை 'கண்ணா' என்று யாரையோ கூப்பிடுவதாக நினைக்கும். ஈர்க்குச்சி எழுதியதுபோல முழுச் சொல்லாகவே இருக்கட்டும். 'என்நாக்கு' மாதிரிச் சேர்த்தவற்றையும் அச்சில் 'என் நாக்கு' என்று விடலாம், மாத்திரை மாறாது. 'நூறடி' மட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.


ஆலங்கட்டி:

பக்கக் கணக்கும் இடிக்கிறதே. 24 பக்கத்தில் 1ஆம் பக்கம் தனியாக வலப்புறம், 24 தனியாக இடப்புறம். எதிரெதிர்ப் பக்கமாகக் கிடைப்பது 2–3 முதல் 22–23 வரை 11 ஜோடிதான். தலைப்பை 1லும் பதிப்பு விவரத்தை 24லும் போட்டாலும் 12ஆவது பாட்டுக்கு இடமில்லை. பெற்றோருக்கான குறிப்பு வேறு இருக்கிறது, அதையும் 24ல்தான் நெருக்க வேண்டும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்றால் 4ன் மடங்காகத்தான் கூட்ட முடியும், அடுத்தது 28. ஒரு பாட்டைக் குறைப்பது மலிவு.

எதிர்ப்பக்கப் படம் எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவராது. கண்ணாடிப் பாட்டுக்குப் படம் எதிரிலேயே வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. பல் பாட்டுக்கோ வயிற்றுக்குள் பல்லை வரைந்து எதிரில் வைத்தால், முதல் அடி படிக்கும் முன்பே பிள்ளை கடைசி அடியைப் பார்த்துவிடும். ஓவியரிடம் பாட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் நிச்சயம் அந்தக் கடைசி அடியைத்தான் வரைவார், கண்ணைக் கவர்வது அதுதானே. எந்த அடியை வரைய வேண்டும் என்று ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் குறித்துக் கொடுங்கள். பல் பாட்டுக்கு நாலாவது அடி: நூலோடு நிற்கும் அக்கா, தெருக்கோடியில் எறும்பளவுக்கு ஒரு பையன்.


பொடிநடை:

பேஸ்ட் பாட்டுத்தான் பின்தங்குகிறது, அதை எடுத்துவிட்டு 11 ஆக்குகிறேன். 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு' எழுத ஆரம்பித்தாயிற்று. மாமாவைக் கண்டதும் எல்லாப் பாட்டும் மறந்துபோக, மாமா கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. 'மாமா' கடைசிச் சொல்லாக வரும்படி புரட்டிக்கொண்டிருக்கிறேன், 'மா' இரண்டும் நெடிலாக இருப்பதால் சரியாக ஒரு தட்டுக்கு உட்காருகிறது.


ஈர்க்குச்சி:

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்து உட்காரட்டும். பதினோராவது பாட்டைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதை ஓவியர் பார்த்துக்கொள்வார்.